வயது ஏறாத பையன்



தமிழ்ப் பள்ளி ஆசிரியை ஒருத்தி ஸ்பைடர் மேனைப் பற்றி எழுத வந்திருக்கிறாளே, இவளுக்கு வேறு வேலை இல்லையா என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். கேளுங்கள், தவறில்லை. நானும் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். ஆனால் என் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் கேட்ட கேள்வி என்னை விட மாட்டேன் என்கிறது.

அந்தப் பையனின் தகப்பனார் செம்பனை ஆலையில் இரவு வேலை முடித்து மோட்டார் சைக்கிளில் வரும்போது லாரி மோதி இறந்துபோனார். ஒன்றரை ஆண்டு ஆகிறது. தாயார் தோட்டத்து நாற்றுப் பண்ணையில் வேலை செய்கிறார். பையன் துடியானவன்தான். ஆனால் தகப்பன் போன பிறகு வாசிப்பதை அடியோடு விட்டுவிட்டான். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சன்னலையே பார்த்துக்கொண்டிருப்பான். அதட்டினால் வாசிப்பான். வாசித்தது என்ன என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பான். கதைப் புத்தகம் கொடுத்துப் பார்த்தேன், பாட்டுப் புத்தகம் கொடுத்துப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஒரு நாள் வீட்டுப் பரண்மேல் இருந்த பழைய பிஸ்கட் டின்னை இறக்கித் துடைத்துப் பள்ளிக்குக் கொண்டுபோனேன்.

அந்த டின்னின் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 1988ல் எனக்கு ஒன்பது வயது. நாங்கள் ஜோகூரில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் இருந்தோம். அம்மா பால்வெட்டுத் தொழிலாளி. அண்ணன் அப்போதுதான் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலைக்குச் சேர்ந்திருந்தார். சனிக்கிழமை இரவு பஸ் பிடித்து வருவார். வரும்போது பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஆங்கிலப் படக்கதைகள் இரண்டு மூன்று பையில் இருக்கும். எனக்கு ஆங்கிலம் வராது. அதனால் அண்ணன் சின்னச் சின்னக் காகிதத் துண்டுகளில் தமிழில் எழுதி, கஞ்சிப் பசை தடவி, பேசுகிற குமிழிகளின்மேல் ஒட்டித் தருவார். தோட்டத்து மின்சாரம் இரவு பத்து மணிக்கு நின்றுவிடும். அதற்குள் ஒட்டி முடித்தாக வேண்டும். அந்தத் துண்டுகள் இன்றைக்கும் உதிராமல் இருக்கின்றன.

அம்மாவும் கேட்பார். சத்தமாகப் படிக்கச் சொல்லிவிட்டு வெற்றிலை மடிப்பார். நம் அப்பாமார் காலத்திலேயே சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972ல் தொடங்கி இரும்புக்கை மாயாவியைத் தமிழில் பேச வைத்துவிட்டது. ஆனால் அம்மாவுக்கு மாயாவியைவிட இந்தச் சிலந்திப் பையன்தான் சொந்தக்காரன் மாதிரி. "ராத்திரியெல்லாம் வேலை பாத்துட்டுப் பகல்ல பள்ளிக்கூடத்துல தூங்குறான். பாவம், வாடகைக்கும் காசில்ல," என்பார். அந்தக் கதையின் சூட்சுமத்தை அம்மா ஒரே வாக்கியத்தில் பிடித்துவிட்டார் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1962ல் அமெரிக்காவில் மார்வெல் நிறுவனத்தில் ஸ்டான் லீ என்பவர் எழுத, ஸ்டீவ் டிட்கோ என்பவர் வரைய, ஸ்பைடர் மேன் பிறந்தான். சிலந்தியென்றால் யாருக்கும் பிடிக்காது, கதாநாயகன் பள்ளிப் பையனாக இருந்தால் விலை போகாது என்று முதலாளி முகம் சுளித்ததாக ஸ்டான் லீ பல தடவை சொல்லியிருக்கிறார். அதனால் நிறுத்தப்படவிருந்த ஒரு பத்திரிகையின் கடைசி இதழில், போனால் போகிறது என்று போட்டார்கள். விலை 12 காசு, அமெரிக்கக் காசு. 2021ல் அந்த இதழின் நல்ல பிரதி ஒன்று ஏலத்தில் 36 இலட்சம் டாலருக்குப் போயிற்று. அதைப் பிளாஸ்டிக் உறையில் அடைத்து முத்திரை வைத்துவிட்டார்களாம். யாரும் திறந்து படிக்க முடியாது. இதைப் பற்றிப் பின்னால் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

கதை இதுதான். பீட்டர் பார்க்கர் தாய் தகப்பன் இல்லாத பையன். பென் என்கிற சித்தப்பாவும் மே என்கிற சித்தியும் வளர்க்கிறார்கள். கதிரியக்கம் ஏறிய சிலந்தி கடித்துச் சக்தி வருகிறது. சக்தி வந்ததும் தலைக்கனமும் வருகிறது. கண்ணெதிரே ஓடுகிற திருடனைப் பிடிக்காமல் எனக்கென்ன என்று விட்டுவிடுகிறான். அதே திருடன் பிறகு சித்தப்பாவைச் சுட்டுக் கொன்றுவிடுகிறான். அன்றிலிருந்து அறுபத்து சொச்சம் ஆண்டுகளாக அந்தப் பையன் அந்த ஒரு குற்றத்துக்காக ஓடிக்கொண்டே இருக்கிறான்.

டின்னைத் திறந்த நாளில் அந்த மாணவன் முதலில் படத்தைப் பார்க்கவில்லை. அண்ணன் ஒட்டிய துண்டுகளைத்தான் விரலால் தடவிப் பார்த்தான். "யார் எழுதினது, டீச்சர்?" என்று கேட்டான். சொன்னேன். இடைவேளையில் ஒன்றைப் படித்து முடித்தான். மறுநாள் இன்னொன்று. மூன்று வாரத்தில் டின் பாதி காலி. வாசிப்பில் தடங்கல் குறைந்தது. நான் மனதுக்குள் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டேன், மறைப்பானேன்.

பிறகு ஒரு நாள், மணி அடித்து எல்லாரும் போன பின்பு, மேசைப் பக்கம் வந்து நின்றான்.

"டீச்சர், இதுல செத்தவங்க எல்லாரும் திரும்பி வந்துடுறாங்க. சித்தப்பா பென் எப்போ வருவாரு?"

வாசகர்களே, இந்தக் கேள்விக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? பையன் கேட்டது பென்னைப் பற்றி மட்டும் அல்ல என்று எனக்குத் தெரியும். "அவர் மட்டும் வரமாட்டார், ஐயா" என்றேன். தலையாட்டிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அந்தப் படக்கதைகளில் சாவு என்பது மருத்துவ விடுப்பு மாதிரி ஆகிவிட்டது. 1973ல் பீட்டரின் காதலி குவென் பாலத்திலிருந்து விழுந்து இறந்தபோது வாசகர்கள் துடித்துப்போனார்கள். காரணம், அதுவரை கதாநாயகன் கைநீட்டினால் காப்பாற்றிவிடுவான் என்று எல்லாரும் நம்பியிருந்தார்கள். அவன் வீசிய வலை அவளைப் பிடித்தது. பிடித்த வேகத்திலேயே கழுத்து முறிந்தது. அது நல்ல கதை என்று சொல்ல மாட்டேன், உண்மையான கதை. ஆனால் அவளைக் கொன்ற நார்மன் ஆஸ்போர்ன் அடுத்த இதழிலேயே செத்தவன், 1996ல் உயிரோடு வந்து நின்றான். சித்தி மே 1995ல், நானூறாவது இதழில், அழகாகக் கண்ணை மூடினார். சில ஆண்டு கழித்து, செத்தது சித்தி அல்ல, சித்தி மாதிரி வேஷம் போட்ட நடிகை என்று சொல்லிவிட்டார்கள்! நம் பையன் இந்த இடத்தைக் கேட்டுவிட்டு அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தான்.

அமெரிக்க வாசகர்களிடையே ஒரு பேச்சு வழக்கில் இருந்தது. செத்தால் செத்ததுதான் என்று இருப்பவர்கள் மூன்றே பேர்: கேப்டன் அமெரிக்காவின் கூட்டாளி பக்கி, பேட்மேனின் கூட்டாளிப் பையன் ஜேசன் டாட், நம் சித்தப்பா பென். 2005ல் பக்கியும் வந்துவிட்டான், ஜேசனும் வந்துவிட்டான். மிச்சம் பென் ஒருவர்தான்.

ஜேசன் செத்த விதத்தை நினைத்தால் ஓர் ஆசிரியையாக எனக்கு இன்னமும் வயிறு கலங்குகிறது. 1988ல் டிசி நிறுவனம் இரண்டு தொலைபேசி எண்களை அச்சிட்டது. பையன் பிழைக்க வேண்டுமா, ஒரு எண்ணுக்குக் கூப்பிடுங்கள். சாக வேண்டுமா, மற்றொரு எண்ணுக்குக் கூப்பிடுங்கள். ஓர் அழைப்புக்கு 50 காசு. சாக வேண்டும் என்று 5,343 அழைப்புகள். பிழைக்கட்டும் என்று 5,271. எழுபத்திரண்டு அழைப்பில் ஒரு பிள்ளையின் கதை முடிந்தது. வெறும் காகிதப் பிள்ளைதானே என்று சொல்லலாம். ஆனாலும் கதையை யார் நடத்துவது என்ற கேள்விக்கு, சில்லறைக் காசை எண்ணிப் பதில் கண்டுபிடித்தார்கள் பாருங்கள்.

அதுதான் நான் சொல்ல வந்த விஷயம். இப்படி அறுபது ஆண்டு ஓடுகிற கதையை யார் நடத்துகிறார்கள்? எழுதுகிறவரா? இல்லை. எழுதுகிறவர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர் மாதிரி. இன்றைக்கு அவருக்கு இந்த வரிசை, நாளைக்கு வேறொருவருக்கு. மரம் அவருடையது அல்ல. டிட்கோ 1966லேயே கருத்து வேறுபாட்டால் விலகிப் போய்விட்டார். அவர் போனதும் ஜான் ரொமிட்டா வந்து வரைந்தார், கதை நிற்கவில்லை. ஸ்டான் லீயும் 1972க்குப் பிறகு அந்த மாத இதழைப் பிறரிடம் விட்டுவிட்டார். மரம் நிறுவனத்துடையது. நிறுவனத்துக்கு மரத்தைப் பற்றி ஒரே ஒரு பயம்தான், கிழடு தட்டிவிடுமோ என்று.

1987ல் பீட்டருக்கும் மேரி ஜேனுக்கும் கல்யாணம் நடந்தது. நியூ யார்க்கில் ஒரு பேஸ்பால் மைதானத்தில், ஆட்களுக்கு வேஷம் கட்டி, ஸ்டான் லீயே முன்னின்று நிஜக் கல்யாணம் மாதிரி நடத்திக் காட்டினார்கள். அந்தக் கல்யாண இதழ் எங்கள் டின்னில் இருக்கிறது. அண்ணன் அதில் மணப்பெண் பேசுகிற குமிழியில் கொஞ்சம் அதிகமாகவே எழுதி ஒட்டியிருந்தார். அம்மா அன்றைக்குப் பாயசம் வைத்தார். சிரிக்காதீர்கள். லயத்தில் அந்த மாதம் வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

கல்யாணம் ஆனதும் நிறுவனத்துக்குக் கவலை வந்துவிட்டது. கல்யாணமானவன் பெரிய மனிதன் ஆகிவிடுகிறான், பையன்களுக்கு அவனைப் பிடிக்குமா என்று. 1994ல், இத்தனை காலம் நீங்கள் படித்து வந்த பீட்டர் அசல் அல்ல, ஒரு நகல், அசல் வேறொருவன் என்று ஒரு கதையைத் தொடங்கினார்கள். கல்யாணமானவனை ஒதுக்கிவிட்டு, கட்டை பிரம்மச்சாரியாக ஒருவனைக் கொண்டுவரலாம் என்று கணக்கு. சில மாதத்தில் முடிய வேண்டிய கதை. நன்றாக விற்கிறது, இழுங்கள் என்று விற்பனைப் பிரிவு சொல்ல, இரண்டு வருஷத்துக்கு மேல் இழுத்தார்கள். கடைசியில் பழைய பீட்டரே அசல் என்று முடித்தார்கள். 1996 டிசம்பரில் மார்வெல் நிறுவனம் திவாலாகி நீதிமன்றம் போனது. கதை இழுத்ததால்தான் திவால் என்று நான் சொல்லவில்லை, அதற்குக் கடன், கம்பெனிச் சண்டை என்று வேறு பெரிய காரணங்கள் உண்டு. ஆனால் வாசகனுடைய நம்பிக்கையும் ஒரு முதல்தானே?

2007ல் நடந்ததுதான் உச்சம். சித்தி மேயைக் குண்டு துளைத்துவிட்டது. எந்த மருத்துவராலும் முடியாது. அப்போது மெஃபிஸ்டோ என்கிற பிசாசு வந்து பேரம் பேசுகிறது: சித்தியைப் பிழைக்க வைக்கிறேன், பதிலுக்கு உங்கள் கல்யாணத்தைக் கொடு. கொடுத்துவிடுகிறார்கள். காலையில் விழித்தால் கல்யாணம் நடக்கவே இல்லை. இருபது ஆண்டு வாழ்க்கை யாருக்கும் நினைவில் இல்லை. பீட்டர் சித்தி வீட்டில், கையில் காசில்லாத பிரம்மச்சாரி. தலைமை ஆசிரியராக இருந்த ஜோ கெசாடாதான் அதை வரைந்தவரும். விவாகரத்து என்றால் இன்னும் வயதானவன் மாதிரித் தெரிவான், அதனால் அழித்துவிடுவதே மேல் என்பது அவர் கட்சி. எழுதிய ஸ்ட்ராசின்ஸ்கியோ, முடிவைப் பார்த்துவிட்டு கடைசி இதழ்களிலிருந்து தன் பெயரையே எடுத்துவிடுங்கள் என்று கேட்டதாக வெளிப்படையாகச் சொன்னார்.

அந்த இதழ்களை அண்ணன் 2008 தொடக்கத்தில் கொண்டுவந்தார். அப்போது எனக்குக் கல்யாணமாகிக் கைக்குழந்தை. அம்மா சிறுநீரகக் கோளாறால் மருத்துவமனையில் படுத்திருந்தார். பொழுது போக வேண்டுமே என்று அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, பழைய பழக்கப்படி கதையைத் தமிழில் சொன்னார். அம்மா முழுதும் கேட்டுவிட்டு, "அந்தக் கெழவிகிட்ட யாராச்சும் கேட்டாங்களா?" என்றார்.

"என்னம்மா?" என்றார் அண்ணன்.

"என் புள்ளையோட குடும்பத்த வித்துத்தான் நான் பொழைக்கணும்னா, எந்தக் கெழவி ஒத்துக்குவா? கதை எழுதுனவனுக்கு ஆத்தா இல்லபோல இருக்கு."

இதைவிட நல்ல விமர்சனத்தை நான் எங்கேயும் கண்டதில்லை. அம்மா அந்த ஆண்டே போய்விட்டார்.

இந்த விஷயத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. செய்தித்தாள்களில் தினமும் வருகிற ஸ்பைடர் மேன் சித்திரத் தொடர் ஒன்று 1977லிருந்து ஸ்டான் லீ பெயரில் வந்துகொண்டிருந்தது. 2009 தொடக்கத்தில் அதிலும் கல்யாணத்தை அழித்துப் பார்த்தார்கள். செய்தித்தாள் வாங்குகிற சாதாரண ஜனங்கள் சும்மா விடவில்லை. சில மாதத்திலேயே, அதெல்லாம் பீட்டர் கண்ட கனவு என்று சொல்லி மனைவியைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். கடையில் வாங்குகிறவன் கூச்சல் போட்டது எடுபடவில்லை, காலைக் காப்பியோடு படிக்கிறவன் கூச்சல் எடுபட்டது!

நிற்க. தோட்டத்துக்காரர்களுக்கு மறுநடவு என்றால் என்ன என்று நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பால்மரமானாலும் செம்பனையானாலும் இருபத்தைந்து, முப்பது வருஷத்தில் சாய்த்துவிட்டுப் புதுக் கன்று வைக்கிறோம். கிழ மரத்துக்குச் சாயம் பூசிக் கன்று என்று யாரும் சொல்வதில்லை. 2011ல் மார்வெலும் ஒரு கன்று வைத்தது. மைல்ஸ் மொராலிஸ் என்ற கறுப்பினப் பையன், தாயார் போர்ட்டோ ரிக்கோக்காரி, அவன் ஒரு புது ஸ்பைடர் மேன். கன்று நன்றாகவே பிடித்துக்கொண்டது. 2018ல் அவனை வைத்து வந்த சித்திரப் படம் ஆஸ்கார் பரிசு வாங்கியது. எங்கள் பள்ளிப் பிள்ளைகள் பலருக்கு ஸ்பைடர் மேன் என்றால் மைல்ஸ்தான். ஆனாலும் கிழ மரத்தைச் சாய்க்கவும் மனம் வரவில்லை, அதை முதிரவிடவும் மனம் வரவில்லை. நம் நாட்டு லாட் 1979ல் கொண்டுவந்த கம்பத்துப் பையன், புத்தகம் முடியும்போது கம்பத்தை விட்டு ஈப்போவுக்குப் படிக்கப் போய்விடுகிறான். அடுத்த புத்தகத்தில் அவன் பட்டணத்துப் பையன். வளர்ந்ததால் அவனை யாருக்காவது பிடிக்காமல் போயிற்றா?

இனி, அந்தத் தொழிலின் எதிர்காலத்தைப் பற்றி. 1962ல் 12 காசுப் புத்தகம் மளிகைக் கடையிலும், மருந்துக் கடையிலும், பஸ் நிலையத்திலும் கம்பிச் சட்டத்தில் தொங்கியது. அம்மாவோடு சாமான் வாங்கப் போன பையன் கையில் மாட்டியது. 1970களில் தொடங்கி வியாபாரம் மெல்ல மெல்லத் தனிக் காமிக்ஸ் கடைகளுக்குப் போயிற்று. அங்கே விற்காததைத் திருப்பித் தர முடியாது, அதனால் கடைக்காரர் தெரிந்த வாடிக்கையாளருக்கு வேண்டியதை மட்டும் வாங்கி வைப்பார். வாடிக்கையாளருக்கு வயது ஏறிற்று. 1990களின் தொடக்கத்தில் இன்னொரு பைத்தியம் பிடித்தது. 12 காசுப் புத்தகம் ஒரு நாள் பொன்னாகும் என்று கேள்விப்பட்டு, படிக்காமல் வாங்கி அடுக்கத் தொடங்கினார்கள். 1991ல் எக்ஸ்மென் முதல் இதழ் 80 இலட்சம் பிரதிக்கு மேல் கடைகளுக்குப் போயிற்று. ஐந்து விதமான அட்டை போட்டார்கள். எல்லார் வீட்டிலும் இருக்கிற பொருளுக்கு எங்கே விலை ஏறும்? மூன்று நான்கு வருஷத்தில் ஆயிரக்கணக்கான கடைகள் இழுத்து மூடப்பட்டன. பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிற அந்த 36 இலட்சம் டாலர் புத்தகத்தைப் பற்றிச் சொன்னேனே, அந்த நினைப்பு செய்த வேலைதான் இது.

இன்றைக்கு இருபது பக்கம் சொச்சக் கதை உள்ள ஒரு மாத இதழ் அங்கே 4 முதல் 5 டாலர். நம் காசுக்கு 20 வெள்ளியை ஒட்டி வரும். மாதம் 1,700 வெள்ளி அடிப்படைச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிற வீட்டில், கால் மணி நேரத்தில் படித்து முடிக்கிற புத்தகத்துக்கு 20 வெள்ளியா? அமெரிக்கப் பிள்ளைக்கும் இதே கணக்குதான். அதனால் அவன் படக்கதை படிப்பதை விட்டுவிட்டானா என்றால், அதுதான் இல்லை! டேவ் பில்கி எழுதுகிற நாய்த்தலைப் போலீஸ்காரன் கதை 2016லிருந்து இலட்சக்கணக்கில் விற்கிறது. பள்ளிப் புத்தகக் கண்காட்சியில் பிள்ளைகள் அள்ளிக்கொண்டு போகிறார்கள். ஜப்பானில் 1997ல் ஐச்சிரோ ஓடா தொடங்கிய ஒன் பீஸ் கடற்கொள்ளையர் கதை 2022ல் 50 கோடிப் பிரதியைத் தாண்டியது. ஒரே மனிதர் எழுதி வரைகிறார், ஒரு முடிவை நோக்கிப் போகிறார். ஜப்பானியக் கதைகளில் பெரும்பாலானவை என்றாவது ஒரு நாள் முடியும். முடியும் என்று தெரிந்தால் நடுவில் நடப்பதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது.

எங்கள் பள்ளியைப் பாருங்கள். நான் சேர்ந்தபோது நூற்று அறுபது பிள்ளைகள். இப்போது இருபத்தொன்பது. தோட்டத்தில் நம் ஜனம் குறைந்துபோயிற்று, வீடு வாங்கிப் பட்டணத்துப் பக்கம் போய்விட்டார்கள். பிள்ளைகள் இருக்கிற இடத்துக்குப் பள்ளியை மாற்றலாமா, அல்லது நூறாண்டு காலம் நின்ற இடத்திலேயே வைத்துக் காப்பாற்றலாமா என்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் வருஷம் தவறாமல் சண்டை. மாற்றக் கூடாது என்பவர்கள் எல்லாரும் பழைய மாணவர்கள். அவர்களுக்கு அந்த மாமரம் வேண்டும், அந்த மணி வேண்டும். அவர்களுடைய பிள்ளைகள் எல்லாம் வேறு பள்ளியில்! எனக்கும் அந்த மாமரம் பிடிக்கும். ஆனால் கூட்டத்தில் நான் மாற்றத்துக்குத்தான் கை தூக்கினேன்.

காமிக்ஸ் தொழிலிலும் அந்தச் சண்டைதான். ஆனால் அங்கே சொந்தக்காரனுக்கு அவசரம் இல்லை. 2009ல் டிஸ்னி நிறுவனம் ஏறக்குறைய 400 கோடி டாலருக்கு மார்வெலை வாங்கியது. ஸ்பைடர் மேன் திரைப்பட உரிமை சோனியிடம். 2021ல் வந்த ஒரே படம் 190 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அந்த வசூலுக்குப் பக்கத்தில் மாத இதழின் வருமானம் சுண்டைக்காய். தோட்டத்தில் பாலைவிட நிலத்துக்கு விலை கூடிப்போனால் பால்மரத்துக்கு என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். 2025 ஜனவரியில், பல காலம் கடைகளுக்கெல்லாம் காமிக்ஸ் விநியோகித்து வந்த டயமண்ட் நிறுவனமும் திவால் மனு போட்டுவிட்டது. அச்சு இதழ் நாளைக்கே நின்றுவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பத்து வயதுப் பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத்தில் தொங்குகிற எதற்கும் ஆயுள் கெட்டி இல்லை.

இந்த நிலையில் 2024 ஜனவரியில் மார்வெல் ஒரு காரியம் செய்தது. பழைய கதையை அப்படியே விட்டுவிட்டு, வேறொரு உலகத்தில் நடப்பதாக ஒரு புதிய ஸ்பைடர் மேன் தொடர். ஜோனதன் ஹிக்மன் எழுத, மார்க்கோ கெக்கெட்டோ வரைய ஆரம்பித்தார்கள். இதில் பீட்டர் முப்பது தாண்டிய மனிதன். மேரி ஜேன் மனைவி. ரிச்சர்ட், மே என்று இரண்டு பிள்ளைகள். தாடி வைத்திருக்கிறான், வேலைக்குப் போகிறான், பிறகுதான் சக்தி வருகிறது. முதல் இதழ் விற்றுத் தீர்ந்து திரும்பத் திரும்ப அச்சிட வேண்டியதாயிற்று. கல்யாணமானவனை யார் படிப்பான் என்று இத்தனை வருஷம் பயந்தார்களே!

அண்ணனுக்கு இப்போது ஐம்பத்து சொச்சம் வயது. அதன் தொகுப்பு நூலை ஜோகூர் பாருவில் வாங்கி, "பாப்பா, இதைப் படி, அம்மா இருந்தா பாயசம் வச்சிருப்பாங்க," என்று கொடுத்தார். நான் இன்னும் பாதிகூடப் படிக்கவில்லை, ஆசிரியர் அறையில் மேசைமேல் வைத்திருந்தேன். அந்த மாணவன் பார்த்துவிட்டான். எடுத்துப் போகலாமா என்று கேட்டான், கொடுத்தேன்.

திங்கட்கிழமை காலை, சபை கூடலுக்கு முன்னாலேயே என்னிடம் ஓடி வந்தான். முகம் சிவந்திருந்தது.

"டீச்சர், நீங்க பொய் சொன்னீங்க. சித்தப்பா பென் உயிரோட இருக்காரு. பத்திரிகையில வேலை பாக்குறாரு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உண்மைதான். அந்தப் புதிய உலகத்தில் பென் உயிரோடு இருக்கிறார். நான் அதுவரை படித்திருக்கவில்லை.

"ஆமாய்யா, இது வேற கதை..." என்று இழுத்தேன்.

"தெரியும், டீச்சர். எங்கம்மா போன்ல தேடிப் பாத்தேன்." கொஞ்ச நேரம் காலால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா இதுல சித்தி செத்துட்டாங்க. அப்போ யாராச்சும் ஒருத்தர் போய்த்தான் ஆகணுமா, டீச்சர்?"

மணி அடித்துவிட்டது. நான் பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதே சரி. வரிசையில் போய் நின்றுகொண்டான்.

அன்று இடைவேளையில் அவனாகவே வந்தான். இந்தப் புத்தகத்தில் தமிழ்த் துண்டு ஒட்டவில்லையே, தானே எழுதி ஒட்டலாமா என்று கேட்டான். புதுப் புத்தகம், அண்ணன் கொடுத்தது. ஒரு கணம் யோசித்தேன். பிறகு சரி என்றேன். கத்தரிக்கோலும் பசையும் எடுத்துக் கொடுத்தேன். ஆங்கிலம் புரியாத இடத்தில் என்னிடம் வருவான். பென் பேசுகிற முதல் குமிழிக்கு வந்தபோது பேனாவை நிறுத்தினான். பழைய புத்தகத்தில் என் அண்ணன் சித்தப்பா என்று எழுதியிருந்தார். ஆனால் கதைப்படி பென் பீட்டரின் தகப்பனாருக்கு மூத்தவர், முறைக்குப் பெரியப்பா என்றுதான் எழுத வேண்டும் என்று விளக்கினேன். ஆசிரியை அல்லவா, திருத்தாமல் இருக்க முடியவில்லை.

பையன் யோசித்தான். "எங்க சித்தப்பாதான் இப்போ என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டாந்து விடுறாரு, டீச்சர்," என்றான். "சித்தப்பான்னே எழுதிக்கிறேன்."

எழுதி, ஊதிக் காயவைத்து, ஒட்டினான்.